எதுக்கும் அக்காவின் நான்கு வரி

எங்கள் ஆபீஸில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்" என்று நாளைக்கு இருபது தடவை சொல்வார், அதனால் எதுக்கும் அக்கா. வீட்டிலும் அப்படித்தானாம். கேஸை மூடியாச்சு என்று கணவர் சத்தியம் செய்தாலும், பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய்த் திருகிப் பார்ப்பார். "என்னை எப்படித்தான் நம்பிக் கட்டிக்கிட்டாளோ" என்று அந்த மனிதர் ஒருமுறை என்னிடம் புலம்பினார்.

அக்கா டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பக்கத்து மேஜைக்காரர்களைப் பார்த்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். கண் மருத்துவமனைகளுக்கு நாங்கள் மென்பொருள் செய்கிறோம். கண்ணுக்குள் எடுத்த படத்தைப் பார்த்து எங்கே ரத்தம் கசிகிறது என்று அது சொல்லும். ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒவ்வொரு வயசுக் கம்ப்யூட்டர். நாங்கள் எழுதியதை அதற்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரும் இடத்துக்கு ஒரு தினுசு. பதினாறு கணக்கை ஒரே மூச்சில் போடவைக்க ஒன்றுக்குத் தெரியும், இன்னொன்றுக்குத் தெரியாது. மற்றவர்கள் கம்பைலரின் பதிப்பு எண்ணைப் பார்த்து, எதற்கு எது தெரியும் என்று பட்டியல் போடுவார்கள். அக்கா போட்டது வேறு வழி. நான்கு வரியில் ஒரு குட்டிப் புரோகிராம். அதைக் கம்பைலரிடம் கொடுத்துப் பார்க்க, தானாக ஓடும் கட்டளைகளாக ஒரு ஸ்கிரிப்ட். தேறினால் வேகமான வழி, தேறாவிட்டால் மெதுவான வழி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், அவ்வளவுதான் சங்கதி. "வயசைக் கேக்காதே, வேலையைக் குடுத்துப் பாரு" என்பார்.

ஆறு வருடம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு ஒன்றை அனுப்பினோம். இரண்டே இரண்டு சின்னப் படத்தை வைத்துச் சோதித்ததால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு மருத்துவமனையிலிருந்து டாக்டரம்மா போன் செய்தார். ஒரு படத்துக்கு நாற்பது விநாடி ஆனது இப்போது ஒன்பது நிமிடமாம். கண்ணில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வராந்தா முழுக்க ஆட்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா நீங்களும் வேணாம், உங்க சாமானும் வேணாம்."

திங்கட்கிழமை மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"சார், எல்லாம் அந்த ஸ்கிரிப்டாலதான். நல்ல கம்பைலரைக்கூட ஒண்ணும் தெரியாததுன்னு முத்திரை குத்துது. தூக்கிப் போட்டுட்டுப் பட்டியல் எழுதிடலாம்."

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்கம்மா. முடியலேன்னா ஸ்கிரிப்டை எடுத்துடலாம். நீங்களும் புகார் போன் எடுக்கிற பக்கம் போயிடுங்க."

அக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நாலு நாளாக அந்த நாலு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடம் தேறிய அதே வரிகள். வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு, "தம்பி, இங்க வா" என்று கூப்பிட்டார்.

"கம்பைலர் என்ன சொல்லுதுன்னே நான் கேக்கலையே!"

உண்மைதான். சோதனையில் கம்பைலர் என்ன முணுமுணுத்தாலும் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, தேறியதா இல்லையா என்று மட்டும் பார்க்கும்படி எழுதியிருந்தார். இப்போது அந்தத் தடையை எடுத்துவிட்டு ஓட்டினார். திரையில் இரண்டு வரி வந்தது. கணக்கின் விடையை ஒரு பெயரில் போட்டு வைத்தாய், அதை அப்புறம் எங்கும் பயன்படுத்தவில்லையே என்று ஒரு சாதாரண எச்சரிக்கை. அதன் கீழே, எச்சரிக்கை எல்லாமே பிழைதான் என்பது கட்டளை, ஆகவே இது பிழை.

அந்தக் கட்டளையைப் போட்டவன் நான். எல்லாரும் சுத்தமாக எழுதட்டும் என்று புதுப் பதிப்பில் சேர்த்து, மேனேஜரிடம் சபாஷும் வாங்கியிருந்தேன். அது அக்காவின் குட்டிப் புரோகிராம் வரைக்கும் போய்ப் பாயும் என்று யோசிக்கவே இல்லை. கம்பைலருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான்தான் தேறவிடவில்லை.

"அக்கா, இது நான் பண்ணின வேலை."

"தெரியுது, கட்டளைக்குப் பக்கத்துலயே உன் பேருதான் போட்டிருக்கே. ஆனா கம்பைலர் வாயைக் கட்டினது நானாச்சே? இல்லேன்னா முதல் நாளே சொல்லியிருக்கும், பாவம்."

சோதனைக்கு மட்டும் என் கட்டளை பொருந்தாதபடி செய்தார். கம்பைலர் சொல்வதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கவும் செய்தார். ஒரு மணிக்கு அனுப்பினோம். நான் நேரே மேனேஜர் அறைக்குப் போய், தப்பு யாருடையது என்று சொன்னேன். சபாஷ் வாங்கின அதே நாற்காலிக்கு முன்னால் நின்றுதான் சொன்னேன்.

மூன்றரைக்கு டாக்டரம்மாவின் போன். "முப்பத்தெட்டு விநாடி! வராந்தா காலியாயிட்டே வருது."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று மேனேஜர் சிரித்தார். அக்காவும் சிரித்தார், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதார். அழுது முடித்ததும் டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதைக் கிழிச்சுப் போடு தம்பி. எனக்குக் கை வரல."

ராஜினாமாக் கடிதம். திங்கட்கிழமை தேதி. காரணம் ஒரே வரியில் இருந்தது: "எனக்கு இந்த வேலை தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன், தெரியாது என்று இன்று புரிந்தது."

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. "ஏன்க்கா இதைக் குடுக்காம வெச்சிருந்தீங்க?"

மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எதுக்கும் வெள்ளிக்கிழமை வரைக்கும் பாத்துடலாம்னுதான்."