அத்தான் அக்காவை முந்திய நாள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ஆமை. டாக்சி ஓட்டுகிறவருக்கு இப்படி ஒரு பட்டம் கிடைத்தால் பிழைப்பு எப்படி நடக்கும்? ரயில் பிடிக்கிறவர்கள் அவர் வண்டியில் ஏற மாட்டார்கள். ரயிலை விட்டவர்கள்தான் ஏறுவார்கள். அக்கா நேர் எதிர். அவள் ஸ்கூட்டர் வந்தால் பஸ்ஸே ஒதுங்கும். கல்யாணமான நாளிலிருந்து அத்தான் அவளை முந்தியதே இல்லை, சாலையிலும் சரி, பேச்சிலும் சரி.

அவரைத்தான் நெரிசல் ஆய்வுக்கு எடுத்தார்கள். நகரத்தில் வண்டிகள் எவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்று அளக்க ஒரு காரை விடுவார்கள். எத்தனை வண்டி நம்மை முந்துகிறதோ, அத்தனையை நாமும் முந்த வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டம் செல்லாது. யாரையும் முந்தத் துடிக்காத மனிதர் என்று நம்பி எடுத்தார்கள். யாரையுமே முந்த மாட்டார் என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிற வேலை எனக்கு. "முந்துங்க, முந்துங்க" என்று கெஞ்சியே என் தொண்டை கட்டிப்போனது.

அன்று கடைசி ஓட்டம். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி ஆமை டாக்சிதான். பின் சீட்டில் ஆய்வை நடத்தும் இன்ஜினியரம்மா. ஆஸ்பத்திரி சிக்னலில் முடிக்க வேண்டும். அதிசயமாகக் கணக்கு நேராகவே வந்துகொண்டிருந்தது. பாலம் இறங்கும்போது சர்ரென்று ஒரு ஸ்கூட்டர் எங்களை முந்தியது. அக்கா! திரும்பிப் பார்த்துக் கையை வேறு ஆட்டினாள்.

"போச்சு! இன்னும் ஒண்ண முந்தணும் அத்தான்."

மற்ற வண்டிகள் மார்க்கெட் பக்கம் திரும்பிவிட்டிருந்தன. "முன்னாடி அவ மட்டும்தானேடா இருக்கா?"

"அப்ப அவளைத்தான்."

"வேற ஏதாவது வழி இருக்கா பாரு."

இல்லை. திடீரென்று அத்தான், என்றுமே தொடாத ஹாரனை ஓங்கி அடித்தார். அக்கா திரும்பினாள். அடித்தது தன் புருஷன் என்று கண்டதும் திகைத்துப்போய், ஆக்சிலேட்டரையே மறந்தாள். அந்த நேரத்தில் கார் அவளைத் தாண்டிப் போய் சிக்னலில் நின்றது.

"சரியா வந்துடுச்சு சார்!" என்று இன்ஜினியரம்மா கை தட்டினார். "நாளைலேர்ந்து நீங்க நிரந்தரம்."

அக்கா வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"என்னையவா முந்துனீங்க?"

"வேலைக்காகத்தாம்மா..." என்றார் அத்தான், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

அவள் பக்கத்து ஆட்டோக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, பாத்தீங்களா? எங்க வீட்டுக்காரர். என்னையே முந்திட்டாரு!" அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பச்சை விழுந்தது. அக்கா பறந்துவிட்டாள். அத்தான் அவள் போன திசையையே பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் அத்தனை ஹாரனும் அலறியது. அன்று ஆஸ்பத்திரி சிக்னலில் ஏற்பட்ட நெரிசலுக்கு முழுக் காரணம் என் அத்தான்தான்.