சிங்கப்பூர் சேலை எரிந்த சுதந்திர தினம்

உத்திரமேரூரில் ஆறாம் வகுப்பு படித்தபோது நான் ஒரு பெரிய தியாகி. நம்பாவிட்டால் போங்கள். முதுகில் தழும்பெல்லாம் இருந்தது.

அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு எங்கள் சரித்திர வாத்தியார் சுதேசி இயக்கம் தொடங்கிய காலத்தை நாடகமாகப் போட்டார். ஊரார் அந்நியத் துணிகளைக் குவித்துக் கொளுத்துவார்கள். பவுடர் அப்பிய வெள்ளைக்காரத் துரை தடியடி நடத்துவான். கொளுத்துவது என் வேலை. ஆளுக்கொரு கந்தல் கொண்டுவந்தால் போதும் என்றார் வாத்தியார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் வீட்டுத் துணியெல்லாம் வாலாஜாபாத் பாய் ஜவுளிக்கடையில் எடுத்தது. அதைக் கொளுத்தினால் எந்த வெள்ளைக்காரன் அழப்போகிறான்?

வீட்டில் இருந்த ஒரே அந்நியத் துணி, சித்திக்கு வந்த சிங்கப்பூர் நைலான் சேலை. சித்தி, எங்களோடு இருந்த அம்மாவின் தங்கை. டீச்சர் டிரெயினிங் படிக்க ஆசைப்பட்டு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அதற்குள் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்துவிட்டார். இனிமேல் படிப்பு எதற்கு என்று அப்பா விண்ணப்பத்தைப் பரண்மேல் போட்டுவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வரும்போது சித்தி கட்டிக்கொள்வதற்காக மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தனுப்பிய சேலை அது.

நான் கேட்கக்கூட இல்லை, சித்தியிடம் புலம்பத்தான் செய்தேன். அவள் பரணை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போய் பீரோவைத் திறந்தாள்.

“இந்தா, எடுத்துக்கினு போ. யார் கேட்டாலும் நானாதான் எடுத்தேன்னு சொல்லணும். தியாகிங்க யாரையும் காட்டிக் குடுக்க மாட்டாங்க, இன்னா?”

அடேயப்பா, சித்திக்குத்தான் எவ்வளவு தேசபக்தி என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

மண்ணெண்ணெய் பட்ட நைலான் குப்பென்று பற்றிக்கொண்டது. முன்வரிசையில் இருந்த அம்மா, “ஐயையோ, சம்மந்தி வூட்டுப் பொடவைடீ!” என்று அலறிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தாள். கூட்டம் அதையும் நாடகம் என்று நினைத்து விசிலடித்தது. துரை பயந்துபோய் தடியைக் கீழே போட, அம்மா அதை எடுத்துத் தடியடியைத் தானே நடத்தினாள். ஒவ்வோர் அடிக்கும் நான் ‘வந்தே மாதரம்’ என்றேனே தவிர, சித்தி பெயரைச் சொல்லவில்லை.

மறுநாளே மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார்.

“பூ வெக்கறதுக்கு முன்னயே பொடவை எரிஞ்சிட்ச்சே, இன்னா சகுனம் இது? இந்த சம்மந்தம் வாணாம்பா.”

அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா காபியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

அன்று மத்தியானம் சித்தி என் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

“எனக்கோசரம் எம்மாம் அடி வாங்கிக்கினடி” என்றாள்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது.

“உனக்கோசரம் ஒண்ணும் இல்ல” என்றேன். “நாட்டுக்கோசரம்.”