கொறக்காய் மீன்

லண்டன் மோர்டனில் சுலோச்சனாவை எல்லோரும் மானிப்பாய்க்காரி என்றே அறிந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாய் அவளுடைய புருஷனின் ஊர். அவள் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, பெரியபிள்ளையானது எல்லாம் தெற்கே சிங்களப் பகுதியான மாத்தறையில். அங்கே தகப்பனுக்குச் சுருட்டுக்கடை இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் அதை எரித்தார்கள். கப்பலில் யாழ்ப்பாணம் போய் இறங்கியவர்களைச் சொந்தக்காரர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அடுத்த கிழமையே அவளுடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். கிணற்றடியில் ‘சிங்களத்தி’ என்று பட்டம் வைத்தார்கள். கலியாணம் பேசி வந்த மாமியார் போட்ட முதல் நிபந்தனை, அந்த ஊர்ப்பேச்சை எடுக்கக்கூடாது என்பது. அவள் எடுக்கவில்லை. லண்டன் வந்த பிறகும் எடுக்கவில்லை. புருஷன் மாரடைப்பில் போன பிறகும் எடுக்கவில்லை.

புருஷன் விட்டுப்போன வீட்டின் மேல் அறைகளை அவள் விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்குக் கொடுத்தாள். ஜெர்மனி, பிரான்ஸ், நோர்வே என்று எங்கெங்கோ இருந்து வருவார்கள். விளம்பரம் ஒன்றும் இல்லை. ஒருவர் சொல்லி மற்றவர் வருவார். “மோர்டனில மானிப்பாய் அக்கா ஒராள் இருக்கிறா, வீட்டுச் சாப்பாடு” என்பதுதான் சொல். அந்தச் சொல் நின்றால் அவளுக்கு வரும்படியும் இல்லை, பேச்சுத்துணையும் இல்லை. ஆகவே வந்தவர்களுக்குப் புட்டும் நண்டுக்கறியும் ஒடியல் கூழும் வைத்தாள். தனக்கு மட்டும் ஒரு மண்சட்டியில், சூரை மீனைத் துண்டு துண்டாக வெட்டி, கொறக்காய் என்கிற தெற்கத்திப் புளியும் மிளகும் அரைத்துப் பூசி, சொட்டுத் தண்ணீரும் மிஞ்சாமல் வற்ற வைத்து எடுப்பாள். கன்னங்கரேலென்று இருக்கும். நாலைந்து நாள் வெளியில் கிடந்தாலும் கெடாது. சட்டி பின்கதவோரத்து அலுமாரியில் இருக்கும். விருந்தாட்களின் கண்ணில் படாது.

2009 ஆவணியில் டோர்ட்முண்டிலிருந்து குகநாதன் குடும்பத்தோடு வந்தார். அவர் பெயின்ற் அடிக்கிற வேலை செய்பவர். மனைவி ஜெயகௌரி, மகள் சாருஜா, மகன் லக்‌ஷன். குகநாதனின் தம்பி வன்னியில் இருந்தவன். போர் முடிந்த மே மாதத்தோடு அவனைப் பற்றிய செய்தி நின்றுவிட்டது. செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, முகாமில் கண்டேன் என்று சொல்லவும் ஆளில்லை. அன்றிலிருந்து குகநாதன் இலங்கைச் சாமான் ஒன்றையும் வீட்டுக்குள் எடுப்பதில்லை. அந்த ஆண்டு நிறையப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். சுலோச்சனாவின் குசினியிலும் அவர் பிஸ்கட் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை எடுக்க விட்டார்.

முதல் இரண்டு நாளும் பிள்ளைகள் புட்டைக் கிண்டிக்கொண்டு இருந்தார்கள்.

“வீட்டிலயும் புட்டு, இங்கயும் புட்டு. பிறகென்னத்துக்கு லண்டனுக்கு வந்தனாங்கள்?” என்றான் லக்‌ஷன்.

“ராணியிட்டப் போய்க் கேள், பிட்சா தருவா,” என்றாள் ஜெயகௌரி.

மூன்றாம் நாள் மழை. ஊர் சுற்றப் போனவர்கள் நனைந்து நேரத்தோடு திரும்பிவிட்டார்கள். சமையல் ஆகியிருக்கவில்லை. மண்சட்டி அடுப்பு மேடையில், பாணுக்குப் பக்கத்தில் திறந்தபடி இருந்தது.

“ஆன்ரி, இது என்ன, கரி மாதிரி?”

“அது எனக்கு வச்சது பிள்ளை. உங்களுக்குச் சரிவராது.”

அதற்குள் சாருஜா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டாள். கண்ணை மூடினாள். பிறகு தகப்பனைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் நால்வரும் சட்டியைச் சுற்றி நின்று பாணைக் கிழித்துக் கிழித்துச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக் கோப்பை எடுக்க ஒருவருக்கும் பொறுமையில்லை.

“கௌரி, இவ்வளவு காலமும் நீ எனக்கு என்னத்தையப்பா தந்து கொண்டிருந்தனி?”

“கோப்பையை வழிச்சு நக்கேக்குள்ள தெரியேல்லையோ? இப்பதான் நாக்கு நீளுது.” ஜெயகௌரி சுலோச்சனாவின் பக்கம் திரும்பினாள். “அக்கா, மானிப்பாயில இப்பிடியே வைக்கிறவை? என்ர சித்தி அங்கதான். ஒரு நாளும் இப்பிடியொண்டு தந்ததில்லை.”

மாமியாரின் கைப்பக்குவம் என்று சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் லக்‌ஷன் பாண் துண்டால் சட்டியின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

“இது மானிப்பாய் இல்லைப் பிள்ளை. எங்கட மாத்தறை. நான் பிறந்த இடம்.”

குகநாதனின் தாடை நின்றது.

“அப்ப இது சிங்களச் சாப்பாடு.”

“தெற்குச் சாப்பாடு தம்பி. அங்க கடற்கரைப் பக்கம் எல்லா வீட்டிலயும் வைப்பினம். எங்கட வீட்டிலயும் வச்சது.”

அவர் கொறக்காய்ப் பைக்கற்றைத் தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நாட்டின் பெயரை வாசித்தார். வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் சற்று நின்றார். பிறகு தொட்டியில் துப்பிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

“கோவிக்காதேங்கோ அக்கா. உங்களில ஒண்டுமில்லை. எனக்கு இறங்காது.”

“எங்கட கடையையும் அவங்கள்தான் எரிச்சவங்கள் தம்பி. கொறக்காயே வந்து நெருப்பு வச்சது?”

“உங்கட கடை எரிஞ்சது. என்ர தம்பி?”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாருஜாதான் போய்க் குழாயைப் பூட்டினாள்.

அடுத்த நாள் காலை அவர்கள் கிங்ஸ்பரிக்குப் போனார்கள். அங்கே ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் ஹோலில் பாய் விரித்துப் படுக்கலாமாம். குகநாதன் பெட்டிகளை வாகனத்தில் ஏற்றும் நேரம் பார்த்து ஜெயகௌரி குசினிக்குள் வந்தாள்.

“அக்கா, அந்தப் புளி எவ்வளவு போடவேணும்?”

சுலோச்சனா சொன்னாள். கொறக்காயை ஊற வைப்பதையும், அடியில் வாழையிலை போடுவதையும், கரண்டியால் கிண்டாமல் சட்டியைக் குலுக்குவதையும் சொன்னாள். ஜெயகௌரி தலையாட்டிக் கேட்டாள். போகும்போது அவளுடைய கையைப் பிடித்தாள்.

“யோசியாதேங்கோ. நீங்கள் எவடம் எண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டம்.”

ஏதோ உதவி செய்கிற முகம்.

இலையுதிர் காலம் முழுவதும் சுலோச்சனா ரெலிபோனைப் பார்த்தபடி இருந்தாள். யாராவது வரவில்லை என்று சொல்வார்களோ என்று பயந்தாள். ஒருவரும் சொல்லவில்லை. ஜெயகௌரி வாக்கைக் காப்பாற்றியிருந்தாள். மார்கழி விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து நகுலேஸ்வரி புருஷனோடும் பிள்ளைகளோடும் வந்தாள். ஜெயகௌரிக்குத் தங்கை முறை. வாயாடி.

“அக்கா, இண்டைக்கு நீங்கள் கதிரையில இருங்கோ. நான் சமைக்கிறன். கௌரி அக்காவிட்டப் பழகினது. முகாம் பிள்ளையளுக்குக் காசு சேர்க்க டோர்ட்முண்டில சாப்பாடு வித்தவை. அவவின்ர மீன்தான் முதல் முடிஞ்சதாம். குகநாதன் அத்தான்தான் நிண்டு பரிமாறினவர்.”

சுலோச்சனா தன் குசினியில் கதிரையில் இருந்து பார்த்தாள். சூரை மீன். மிளகு. பிறகு நகுலேஸ்வரி பழப்புளியைக் கரைத்தாள். அதற்கும் பிறகு தேங்காய்ப்பால் விட்டாள்.

“கொறக்காய் போடுறதில்லையோ?”

“சீ, அது அவங்கட சாமானெல்லோ. மானிப்பாயில பழைய ஆக்கள் பழப்புளிதான் விடுறவையாம். உங்களுக்குத் தெரியாததே?”

“ஓம், ஓம்,” என்றாள் சுலோச்சனா.

கறி தளதளவென்று கொதித்தது. நகுலேஸ்வரி கரண்டியால் நன்றாகக் கிண்டினாள். மீன் உடைந்தது. முதல் துண்டைச் சுலோச்சனாவின் கோப்பையில் வைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

“எப்பிடி, உங்கட ஊர்ச் சாப்பாடு?”

“அச்சாவாயிருக்கு.”

புளிப்பு நாக்கின் மேலாக வழுக்கிப் போயிற்று. எங்கும் பிடித்து நிற்கவில்லை. சுலோச்சனா அதை முடித்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டாள். கேட்காவிட்டால் ஏன் என்று நகுலேஸ்வரி கேட்பாள்.