இருபத்தைந்து வருடம் வீணாய்ப் போன பணம்

லிப்ட் மெக்கானிக் எதையும் வீணாக்க மாட்டார். மனுஷனுக்கு அது ஒரு வியாதி. தேய்ந்த வாஷரைக்கூடச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். துணி துவைக்கும்போது அதெல்லாம் கடகடவென்று உருளும். அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அப்பேர்ப்பட்டவர் முன்னால்தான் இன்சூரன்ஸ் ஏஜென்டான அவள் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று தாள்களைப் பரப்பினான்.

"மாமா, இது ஆயுசு முழுக்க உள்ள பாலிசி. பிரீமியம் அதிகம், உங்களுக்குக் கட்டுப்படி ஆகாது. இது, போட்ட காசு திரும்ப வர்றது. ஆனா உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா வீட்டுக்குக் கிடைக்கறது ரெண்டு வருஷம்கூடத் தாங்காது. இது டேர்ம் பாலிசி. அதே பிரீமியத்துக்கு இருபது மடங்கு கிடைக்கும். இருபத்தஞ்சு வருஷம் நல்லபடியா இருந்துட்டீங்கன்னா மட்டும் ஒரு பைசா வராது."

"அப்ப நான் உயிரோட இருந்தா நஷ்டமா மாப்ள?" என்று சிரித்துக்கொண்டே, காசு திரும்ப வரும் தாளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே நாலு வயது மகள் படுத்திருந்தாள். பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. இந்த மனுஷனோ தினமும் எட்டு மாடி, பத்து மாடி உயரத்தில், இருட்டுக் குழிக்குள் நின்று வேலை பார்க்கிறார். கால் ஒரு தடவை பிசகினால் அப்புறம் இந்தப் பிள்ளைக்கு என்ன வழி? வாயைத் திறந்தால், "நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்பார்.

புதன்கிழமை மகளைக் கால் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஐந்தாவது மாடியில் கிளினிக். கீழே லிப்ட் கதவு திறந்து கிடக்க, தடுப்புக்குப் பக்கத்தில் டார்ச்சோடு நிற்பது யாரென்று பார்த்தால், சாட்சாத் அவரேதான்! வருடாந்திர சோதனையாம்.

"அஞ்சு நிமிஷம் தள்ளியே நில்லு," என்று அவளிடம் சொல்லிவிட்டு, மேலே இருந்த கூட்டாளிக்குக் குரல் கொடுத்தார்.

இரும்புக் கட்டிகளை அடுக்கிய லிப்ட் இறங்கி வந்தது. திடீரென்று டமார்! காலடியில் தரை அதிர்ந்தது. அத்தனை பாரமும் அவள் தலை உயரத்துக்கு மேலே அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. குழந்தை கை தட்டியது. அவளோ பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அம்மாடி, இதற்குள்ளேயா இவர் இத்தனை வருஷமாகப் போய்ப் போய் வருகிறார்!

"எதுங்க பிடிச்சு நிறுத்துச்சு?"

டார்ச் அடித்துக் காட்டினார். லிப்டின் அடியில், உள்ளங்கை அகலத்தில் இரும்புத் தாடைகள் தண்டவாளத்தைக் கவ்வியிருந்தன. "மேல கயிறு அறுந்தா இதுதான் காப்பாத்தும்."

"இவ்வளவூண்டா! இதுவரைக்கும் எத்தனை தடவை காப்பாத்தியிருக்கு?"

"இந்தக் கட்டடத்துலயா? கயிறு அறுந்தாத்தானே? நாங்க சோதிச்சுப் பாக்கறதோட சரி. பதினெட்டு வருஷமா சும்மாதான் இருக்கு."

"அப்ப போட்ட காசு வீண்தான். திருப்பிக் கேக்கலையா யாரும்?"

"பைத்தியமா உனக்கு? அது சும்மா இருந்தாத்தான் எல்லாரும் நல்லாருக்காங்கன்னு..."

பாதியில் நின்றுவிட்டார். அவள் மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவர் குழந்தையின் துவண்ட பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் மச்சினனுக்குப் போன் போட்டார். "மாப்ள, அந்த ஒண்ணும் வராத பாலிசியே இருக்கட்டும்."

அதற்கப்புறம் இருபத்தைந்து வருடம். ஒவ்வொரு வருடமும் பிரீமியம் கட்டும்போது மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கை விரல் ஒன்று நசுங்கியது, முட்டி தேய்ந்தது, முடி கொட்டியது. ஆனால் சாயங்காலமானால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுவிடும். அவளும் ஒருநாள் விடாமல் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தாள்.

பாலிசி முடிந்த அன்று சக்கர நாற்காலியில் ஆபீசிலிருந்து வந்த மகள், அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினாள்.

"பாத்தியா, ஒரு பைசா வரல!" என்றார், டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே.

எதிரே முழுசாக உட்கார்ந்திருந்த அவரை அவள் ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நான் வேண்டிக்கிட்டதே அதத்தாங்க," என்றவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.