அம்மா பெயர் சொன்னால் விருது போச்சு

"உங்க அண்ணன் நல்லா ஆடுறான்னு உங்கம்மா என்னைக்காவது அவன்கிட்ட சொல்லியிருக்காங்களா?"

எங்கள் ஊர் ரேடியோவில் விளையாட்டுச் செய்தி சொல்லும் லைல் க்வாம் இதைக் கேட்டபோது, நான் கையில் காபிக் குடுவையோடு டாட்டி கஃபேயில் நின்றிருந்தேன். ஜூன் மாதம் பள்ளிப் படிப்பு முடிந்திருந்தது. நார்ட்பியை விட்டு எங்கேயாவது போக வேண்டும் என்பது தெரியும், எங்கே என்பது தெரியாது. அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே பரிமாறிக்கொண்டிருந்தேன். லைல் கேட்டதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டு நழுவிவிட்டேன்.

என் அம்மா ரெனே ஹாக்ஸ்டாட் பஸ் ஓட்டுகிறவர். நார்ட்பி கல்லூரியின் கூடைப்பந்து அணி வெளியூருக்குப் போகும்போதெல்லாம் அம்மாதான் பஸ்ஸை எடுப்பார். பனிப்புயல் வந்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சூடான காபியைக் குடித்தபடி காத்திருப்பாரே தவிர, முகம் சுளிக்க மாட்டார். ஆட்டம் தொடங்கியதும் உள்ளே வந்து பார்வையாளர் வரிசையின் கடைசிப் படிக்கட்டில் உட்கார்ந்து பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார். கத்த மாட்டார், கைதட்டுவதுகூட அளவோடுதான். எங்கள் பக்கத்தில் அதிகபட்சப் பாராட்டு "பரவாயில்ல" என்பது. சொந்தப் பிள்ளையை அதற்கு மேல் புகழ்ந்தால், தலைக்கனம் பிடித்த குடும்பம் என்று சர்ச்சில் பேசுவார்கள்.

அம்மா ரேடியோவில் பேசத் தொடங்கியது தற்செயலாகத்தான். புத்தாண்டு கழிந்ததும் லீக் ஆட்டங்கள் ஆரம்பமாகும். அதற்கு முந்தின சனிக்கிழமை லைல் மைக்கைத் தூக்கிக்கொண்டு டாட்டி கஃபேக்கு வந்து, இந்த வருஷம் லீக்கில் யார் யாருக்கு என்ன விருது கிடைக்கும் என்று யாரையாவது கணிக்கச் சொல்வார். அது வருஷா வருஷம் நடப்பது. ஒருமுறை வர வேண்டிய பழைய ஆட்டக்காரர் பனியில் மாட்டிக்கொண்டார். பக்கத்து மேசையில் அம்மா கேரமல் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லைல் மைக்கை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று அம்மா சொன்ன பையன் மறுநாளே படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டான். அடுத்த வருஷம் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று அவர் சொன்னவனுக்கு அம்மைக்கட்டு வந்து, கன்னம் இரண்டும் வீங்கி வீட்டோடு கிடந்தான். அதற்கடுத்த வருஷம் சிறந்த கோச் என்று சொன்னார். அந்த மனிதர் சீசன் நடுவிலேயே வேலையை விட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் விற்கப் போய்விட்டார். அதோடு ஊர் முடிவு கட்டிவிட்டது: ரெனே பெயர் சொன்னால் ஆள் காலி.

அம்மா அதை ரசித்தார் என்றே சொல்ல வேண்டும். கணிப்பு நாள் நெருங்கினால் ஊர்க்காரர்கள் எலுமிச்சை பிஸ்கட் சுட்டுக்கொண்டு வந்து, வெஸ்ட்மார்க் கல்லூரிக்காரன் பெயரைச் சொல்லு என்று கேட்டுக்கொள்வார்கள். வெஸ்ட்மார்க்தான் எங்கள் பரம எதிரி. அங்கே மாணவர்கள் "ரெனேம்மா, எங்களை விட்டுடுங்க" என்று அட்டையில் எழுதித் தூக்கிப் பிடிப்பார்கள். அம்மா அவர்களைப் பார்த்துக் கையாட்டுவார். எங்கள் பையன்களோ பஸ்ஸில் ஏறும்போதே, "ரெனேம்மா, எங்க பேரெல்லாம் உங்களுக்கு மறந்துபோச்சுதானே?" என்பார்கள். "உன் பேரா? தெரியாதே. பையை ஒழுங்கா மேல வை" என்பார் அம்மா.

இந்த நிலையில்தான் என் அண்ணன் காரெட்டுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம் வந்தது. இரண்டாம் வருஷம் அவனுக்கு வலது முட்டியில் ஆபரேஷன். மூன்றாம் வருஷம் முழுக்கப் பெஞ்சு. இந்த வருஷமும் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐவரில் அவன் இல்லை. ஆனால் நவம்பர், டிசம்பர் ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து முதலில் எழுந்து போகும் ஆள் அவனாகத்தான் இருந்தான். அப்படி ஆடுகிறவர்களுக்கென்றே லீக்கில் ஒரு விருது உண்டு, ஆறாவது ஆள் விருது. கல்லூரி முடிந்தால் அவனுக்குக் கூடைப்பந்தும் முடிந்தது. மேலே போய் ஆடும் அளவுக்கு அவன் உயரமும் இல்லை, வேகமும் இல்லை. அது அவனுக்கே தெரியும்.

கணிப்புக்கு முந்தின நாள் இரவுச் சாப்பாட்டில் காரெட் ஆரம்பித்தான்.

"அம்மா, நாளைக்கு என் பேரைச் சொல்லு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"ஆறாவது ஆளுக்கு. நான் எப்படி ஆடினேன்னு நீதான் பாத்தியே."

"பாத்தேன். பரவாயில்ல."

"அதையே மைக்குல சொல்லேன்."

"நான் பேரு சொன்னவனோட கதியெல்லாம் உனக்குத் தெரியாதா?"

"சும்மா இரும்மா. அம்மைக்கட்டு உன்னாலயா வந்துச்சு?"

"கணுக்கால் உடைஞ்சது?"

"அது பனி."

"நான் சொன்ன மறுநாள் பனி."

"மினசோட்டால ஜனவரில பனி பேஞ்சதுக்கும் நீதான் காரணமா?"

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சாப்பாடு ஆறுது" என்றார். ஒரு சாப்பாட்டுக்கு அவர் அதிகபட்சம் பேசுவது அவ்வளவுதான்.

காரெட் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "ஊர்ல எல்லாருக்கும் நீ பேரைச் சொல்லிடுவியோன்னு பயம். எனக்கு மட்டும் நீ சொல்லமாட்டியோன்னு பயம்மா."

அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில், அவன் நீட்டி வைத்திருந்த வலது காலைத்தான் பார்த்தார். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அவன் மாடிப்படி ஏற முடியாமல் கூடத்துச் சோபாவிலேயே படுத்திருந்தான். அம்மாவும் பக்கத்து நாற்காலியிலேயே தூங்கினார். இந்தச் சாபத்தை அம்மா நம்பினாரா என்று கேட்டால், மற்றவர்கள் விஷயத்தில் இல்லை. அந்த முட்டி விஷயத்தில் கொஞ்சம் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை கஃபே நிரம்பி வழிந்தது. மூலையில் எங்கள் அணியின் கோச் டால் கேரமல் பன்னோடு உட்கார்ந்திருந்தார். சிறந்த ஆட்டக்காரர் யார் என்று லைல் கேட்டார்.

"டெவான்டே பிரிக்ஸ். வெஸ்ட்மார்க்."

கைதட்டல். அடுத்தடுத்த விருதுகளுக்கும் எதிரணிக்காரர்களாகவே சொல்லிக்கொண்டு போனார். ஒவ்வொரு பெயருக்கும் மேசைகளில் கரண்டிகள் தட்டப்பட்டன. கஃபேயை நடத்தும் டாட்டிகூடச் சமையலறையை விட்டு வெளியே வந்து நின்றாள்.

"கடைசியா, ஆறாவது ஆள்" என்றார் லைல். "இதையும் வெஸ்ட்மார்க்குக்கே குடுத்துட்டீன்னா நாங்க நிம்மதியா வீட்டுக்குப் போவோம், ரெனே."

அம்மா காபிக் கோப்பையை அதன் தட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு கை மடியில் பஸ் சாவியை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

"நார்ட்பி. காரெட் ஹாக்ஸ்டாட்."

கரண்டிச் சத்தம் நின்றது. கோச் டால் பன்னை அப்படியே தட்டில் வைத்தார். பின் மேசையிலிருந்து யாரோ, "ஐயோ ரெனே, பெத்த புள்ளையைப் போயா?" என்றார்கள்.

லைல் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "காரணம் சொல்ல முடியுமா?"

"பாத்ததைச் சொல்றேன். தண்ணி குடிக்கப் போறவன் மாதிரிதான் எழுந்து போவான். திரும்பி வந்து உக்கார்றதுக்குள்ள எதிராளிக்கு மூச்சு வாங்கும்." கோப்பையைத் தள்ளி வைத்தார். "நல்லா ஆடுறான்."

பரவாயில்ல என்று சொல்லவில்லை. ரேடியோவில், ஊர் முழுக்கக் கேட்க, அந்தச் சொல்லைச் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, பஸ் எஞ்சினைச் சூடாக்க வேண்டும் என்று போய்விட்டார். அன்று அணிக்கு ஆட்டமே கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. காரெட் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவனோடு ஆடும் பையன்கள் முன்னால் ஓடிப்போய், பனி உருகி வழுக்காமலிருக்கப் படிகளில் உப்பைக் கொட்டி வைத்தார்கள். டாட்டி அவன் முட்டிக்குக் கம்பளியில் உறை பின்னிக் கொடுத்தாள். மஞ்சள் நிறம். யாராவது இருமினால் அவன் பக்கத்தில் உட்கார விட மாட்டார்கள். அம்மா ஆட்டம் பார்க்கும்போது பந்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். காரெட் குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் பாப்கார்ன் கை பாதி வழியில் நின்றது.

முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் முன்பைவிட நன்றாக ஆடினான். மேலும் நன்றாக ஆடினான்.

ஜனவரிக் கடைசியில் வெஸ்ட்மார்க்குக்குப் போன பஸ்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். அது பெரிய ஊர், வேலை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் கோச் டால் எழுந்து முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெனே, உங்க கணிப்பு ஒண்ணு பொய்யாகப் போகுது."

"அது என்ன புதுசா? யாரு விஷயத்துல?"

"காரெட்."

அம்மாவின் கண் சட்டென்று கண்ணாடிக்குப் போனது. காரெட் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். "முட்டியா?"

"சேச்சே. இன்னிக்கு முதல் அஞ்சு பேர்ல அவனை இறக்குறேன். இனிமே எல்லா ஆட்டத்துலயும் அப்படித்தான். அவனைப் பெஞ்சுல உக்கார வச்சா நான்தான் முட்டாள். ஆனா ஒண்ணு, லீக் ஆட்டங்கள்ல பாதிக்கு மேல ஆரம்பத்துலயே இறங்கிட்டா ஆறாவது ஆள் விருதுக்குப் பேரைச் சேக்கவே மாட்டாங்க."

இருபக்கமும் வெள்ளையாகக் கிடந்த சோள வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெட்ரோல் பங்க் கடந்தது.

"அவனுக்குத் தெரியுமா?"

"நேத்தே சொல்லிட்டேன். விருது போயிடும்னும் சொன்னேன். 'விருது கிடக்கட்டும் கோச், எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்குப் பயமா இருக்கு'ன்னான்."

அம்மா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுக்க வேண்டியிருந்தது. "கோச், போய் உக்காருங்க. வண்டி ஓட்டணும்" என்றார்.

அன்று ஒலிபெருக்கியில் முதல் ஐவரின் பெயர்களை வாசித்தபோது காரெட்டின் பெயர் கடைசியாக வந்தது. மஞ்சள் உறையோடு ஓடிவந்தான். நாங்கள் தோற்றோம், ஆனால் பிரிக்ஸை அன்று ஓட ஓட விரட்டியது அவன்தான். ஆட்டம் முடிந்ததும் அந்த டெவான்டே பிரிக்ஸே கடைசிப் படிக்கட்டுக்கு வந்தான். அவ்வளவு உயரமான பையன், குனிந்துதான் பேசினான்.

"ரெனேம்மா, என் பேரையும் சொன்னீங்களாமே. இன்னும் எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"சீசன் இன்னும் முடியலையே, தம்பி."

அவன் சிரித்தான். ஆனாலும் வெளிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை நான் கவனித்தேன்.

மார்ச்சில் விருதுகளை அறிவித்தார்கள். சிறந்த ஆட்டக்காரர் டெவான்டே பிரிக்ஸ். அம்மா சொன்னது முதன்முறையாகப் பலித்தது. எலுமிச்சை பிஸ்கட் சுட்டவர்களுக்கெல்லாம் பெரிய ஏமாற்றம். ஆறாவது ஆள் விருது வேறொரு கல்லூரிப் பையனுக்குப் போனது. காரெட்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அவன் இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். முட்டி நன்றாக இருக்கிறது. அந்த ஒலிபரப்பை லைலிடம் கேட்டு வாங்கிப் போனில் வைத்திருக்கிறான். துணி துவைக்கவில்லை, போன் பண்ணவில்லை என்று அம்மா திட்டத் தொடங்கினால் போதும், போனை எடுத்து "நல்லா ஆடுறான்" என்ற இடத்தை மட்டும் ஓட்டிக் காட்டுவான். "அதை அணை முதல்ல" என்பார் அம்மா. ஆனால் அழிக்கச் சொன்னதில்லை.

நார்ட்பியை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம் லைலுக்குக் காபி ஊற்றும்போது, அவர் முன்பு கேட்டதற்குப் பதில் சொன்னேன். "ஒரே ஒரு தடவ சொல்லியிருக்காங்க. உங்க மைக்குல."

"அவன்கிட்டயான்னுல்ல கேட்டேன்?"

"அவன்கிட்டதான் சொன்னாங்க" என்றேன்.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இன்றும் இந்தக் கதையை வேறு மாதிரிதான் சொல்கிறார்கள்: ரெனே சொந்த மகன் பெயரையே சொல்லி அவன் விருதைக் கெடுத்துவிட்டார், அதோடு அவர் சாபமும் தீர்ந்துபோனது என்று. ஆட்டத் திடலிலோ கஃபேயிலோ யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், அவர்களைக் கொஞ்சம் உட்கார வைத்து, பெஞ்சில் உட்கார வைக்க முடியாத அளவுக்கு நன்றாக ஆடியதால்தான் அந்தப் பையனுக்கு விருது கிடைக்காமல் போனது என்று சொல்லிவிடுங்கள். அவர்களையும் நாலு பேரிடம் அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.