சுகிர்தம் டீச்சரின் டிசம்பர் பூ

சுகிர்தம் போய்விட்டாள். காலையில் அவள் மகள் திருத்தணியிலிருந்து போன் பண்ணினாள்.

என் பழைய ஸ்டூடண்ட்ஸ் யாரும் அவளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கெல்லாம் ரொம்ப முன்னால், சித்தூரில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த டீச்சர்கள். ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே சர்ச், பக்கத்துப் பக்கத்து வீடு.

நல்லவள் என்று நாலு வரி எழுதத்தான் போனை எடுத்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். எல்லாம் ஒரு டிசம்பர் பூச்செடியால்.

குடிபாலாவில் அவள் அம்மா வீட்டிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து வந்து வாசலில் நட்டாள். வெள்ளையில் ஊதாக் கோடு போட்ட ரகம். வெறும் கல்லு மண். கிணறு வற்றிய வருஷத்திலும் டிசம்பர் வந்தால் இலை தெரியாமல் பூக்கும்.

கிறிஸ்மஸுக்கு ஆல்டரில் அவள் பூ. சங்கராந்திக்குக் கோலத்து நடுவில் பிடித்து வைக்கும் சாண உருண்டை, அந்தக் கொப்பெம்மா மேல் வைக்கப் பூக் கேட்டு, தெலுங்கு வீட்டுப் பெண்கள் என் வாசலைத் தாண்டி அவள் வாசலுக்குப் போவார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

நானும் அவளிடமே குச்சி வாங்கி நட்டேன். தினம் இரண்டு குடம் தண்ணீர், எரு, புண்ணாக்கு. செடி என் உயரத்துக்கு வளர்ந்தது. பூ மட்டும் நாலோ ஐந்தோ.

ஒருநாள் வேலி ஓரம் நின்று சொன்னாள்.

"எஸ்தரு, தெனம் தண்ணி ஊத்திக்கினு இருக்காத. மழைத் தண்ணியே போதும் அதுக்கு. பூ முடிஞ்சதும் முட்டி அளவுக்கு வெட்டி வுடு. அது தானா பூக்கும்."

என் செடியைக் காயப்போட்டுக் கொல்லப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து மூன்று குடம் ஊற்றினேன்.

ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்து எல்லைப் பேச்சு நடந்த காலம் அது. சித்தூர் மதராஸோடு சேர வேண்டும் என்று தமிழர்கள் கூட்டம் போட்டார்கள். நானோ, திருத்தணி மட்டும் அந்தப் பக்கம் போனால் போதும் என்று ஜெபம் பண்ணினேன். அவள் வீட்டுக்காரருக்கு அந்த ஊர். அது மதராஸ் பக்கம் போனால் இவளும் கூடவே போவாள் அல்லவா...

போனது. அவளும் போனாள்.

அந்தக் கிறிஸ்மஸ் ஆல்டருக்கு என் பூதான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஒரு கைப்பிடி கூடத் தேறவில்லை. பாஸ்டரம்மா கடையில் சாமந்தி வாங்கி வைத்தார்.

அடுத்த வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை. இரண்டு மாசம் திருப்பதியில் அக்கா வீட்டில் கிடந்தேன். செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. டிசம்பரில் திரும்பி வந்தால்... கேட்டைத் திறக்க முடியாத அளவுக்குப் பூ.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் சொன்னது நிஜம் என்று தெரிந்த ஆத்திரத்தில் அழுதேன். அதன் பிறகு குடத்தைத் தொடவில்லை, பூ முடிந்ததும் முட்டி அளவுக்கு வெட்டியும் விட்டேன்.

வருஷா வருஷம் கிறிஸ்மஸ் கார்டு போட்டுக்கொள்வோம். செடி எப்படி இருக்கிறது என்று அவள் மறக்காமல் கேட்பாள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதுவேன். நீ சொன்னபடி செய்தேன், பூத்தது என்று ஒரு வரி எழுத அறுபது வருஷமாக எனக்கு மனசு வரவில்லை.

இன்று செடியில் இருந்ததையெல்லாம் பறித்து ஒரு கூடை நிரப்பினேன். என் மூட்டுவலிக்கு அவ்வளவு தூரம் கார் பயணம் ஆகாது. மருமகன் எடுத்துப் போனார்.

மதியம் போட்டோ அனுப்பினார். பெட்டிக்குள் அவள் மேல் முழுக்க என் பூ. பின்னால் திருத்தணி வீட்டு வாசலில் அவள் வைத்த செடி, ஒரு பூ கூடப் பறிக்காமல் அப்படியே நிற்கிறது.

மகளுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

"அம்மாதான் சொல்லி வச்சிருந்தாங்க ஆன்ட்டி. நம்ம செடியில யாரும் கை வைக்காதீங்க, எஸ்தர் பூ வரும்னு."

இதிலும் நீதான் முந்திக்கொண்டாய்.

நீ சொன்னபடிதான் செய்தேன், சுகிர்தம். பூத்தது.

போய் வா.