மாரியப்பன் அண்ணாச்சி சுரண்டிக் காட்டிய சுவர்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது போன் வந்தது. பேசியவர் இசக்கியம்மாள், அண்ணாச்சியின் பழைய பக்கத்து வீட்டுக்காரர். "அண்ணாச்சி போயிட்டாவ, தாயி. தறிகிட்டயே நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிற உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அவரைச் சந்தித்தது ஒரு மழைக்காலத்தில். ஊரில் ஒரு சுவர் விழுந்த பிறகு, பழைய வாடகை வீடுகளைப் பார்த்து அறிக்கை எழுதும் தற்காலிக வேலைக்கு நகராட்சியில் என்னை எடுத்திருந்தார்கள்; இன்றும் அதே வேலைதான். ஏழு வீடுகள் வரிசையாக இருந்த, அவர் வாடகைக்குக் குடியிருந்த வளவுக்குப் போனேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் குடியிருந்தவர்களே சுண்ணாம்பு அடித்திருந்ததால் சுவர்கள் பளிச்சென்று இருந்தன. அண்ணாச்சி ஒரு தகரத்துண்டை எடுத்து அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டத் தொடங்கினார்.

"ஏலே, எல்லாரும் சுரண்டுங்க. டாக்டர்கிட்ட போயி வயித்துவலிய மறைப்பியளா? இவுக எழுதுனாத்தான வீட்டுக்காரன் பூச வருவான்."

ஏழு வீட்டிலும் சுரண்டினார்கள். அடியில் கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள். "எங்க வீட்டு வெடிப்புல ஒரு பல்லி வாடகை குடுக்காம இருக்கு, அதையும் எழுதுங்க தாயி" என்று அண்ணாச்சி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பார்த்ததை எழுதினேன்: குடியிருக்கத் தகுதியற்றது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்த இரண்டு சொற்களைப் பிழையில்லாமல் எழுதியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. பல வருடமாக அவர்களைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு அந்தக் காகிதம் போதுமானதாக இருந்தது. வாரம் முடிவதற்குள் ஏழு கதவுகளிலும் பூட்டு. இசக்கியம்மாள் புளியங்குடியில் மகள் வீட்டுக்குப் போனார். அண்ணாச்சிக்கும் அவர் மனைவிக்கும் கிடைத்தது ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை.

ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். நான் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"வெளிய வாங்க தாயி. நீங்க எழுதுனதுல பொய் இல்ல. வெடிப்புக்கு அளவு போட்டிய. உள்ள இருக்கவுக எங்க போவாவன்னு ஒரு வரி போட்டியளா?"

படிவத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்ல நினைத்தேன். "சுரண்டச் சொன்னவன் நாந்தான். எம்மேலயும் தப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

மறு வருடம் குருவிகுளம் சாலையில் நான்கு குடும்பங்கள் இருந்த இன்னொரு வளவைப் பார்க்கப் போனேன். நான் வருவது தெரிந்து, அங்கிருந்தவர்கள் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து மூடியிருந்தார்கள். ஈரம்கூடக் காயவில்லை. அண்ணாச்சியின் வளவுக்கு நேர்ந்தது ஊருக்கே தெரியும். யாரோ சொல்லி அவரும் அங்கே வந்திருந்தார்.

"மூடாதியவே. செவரு விழுந்தா வீட்டுக்காரன் தலையிலயா விழும்? காட்டுங்க. காட்டிட்டுச் சும்மா மட்டும் இருக்காதிய" என்று அவர்களை அதட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார். "கடைசி வீடு காலியாக் கெடக்கு. ஒவ்வொரு குடும்பமா அதுல மாறி இருக்கட்டும். ஒவ்வொரு வீடாச் சரிபண்ணட்டும். எழுதுவியளா?"

எழுதினேன், படிவத்தின் பின்பக்கத்தில். மேலதிகாரி இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறையும் அதையே எழுதினேன்; கையெழுத்துப் போட்டார். அந்த நான்கு குடும்பங்களும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அண்ணாச்சி இருந்த வளவை இடித்துக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்தபோது கொட்டகைச் சொந்தக்காரர் குறுக்கே நின்றார். வாடகை இடத்தில் பிணத்தை இறக்கினால் அப்புறம் யாரும் குடிவர மாட்டார்களாம். அண்ணாச்சியின் மனைவி வண்டிக்குள்ளேயே, அவர் காலருகில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் வண்டி சாலையோரம் நின்றது. அப்போது குருவிகுளம் சாலை வளவிலிருந்து வந்த ஒருவர் டிரைவரிடம் சொன்னார்: "வண்டியத் திருப்பும்வே. எங்க வளவுல இறக்குவோம். எவன் வந்து கேக்கான்னு பாப்போம்."

அங்கேதான் இறக்கினோம். அங்கிருந்துதான் எடுத்தோம்.

அவர் என்னை மன்னித்துவிட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அது தீராமலே என்னிடம் இருக்கட்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேலையின் வரிசையை: முதலில் ஆட்கள், அப்புறம் சுவர். நாளை ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறேன். உள்ளே ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒருவரால் நடக்க முடியாது.